பாஸ் பிடிக்க ராடு, ரீல், லைன்: எது எதோடு சேரும்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டாலஸ், டெக்சாஸ்

மார்ச் பிறந்துவிட்டால் பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிக்கப் போகும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எந்த ரீல் வாங்கலாம்?" என்பதுதான். என்னைக் கேட்டால் ரீல், அதாவது லைனைச் சுற்றி வைக்கும் உருளை, கடைசியில் வர வேண்டியது. எந்த ஏரி, அதில் பாசியா பட்ட மரமா பாறையா, அங்கே எந்த லூரைப் (போலி இரையை) போடப் போகிறோம், இதை முதலில் முடிவு செய்யுங்கள். அது தெரிந்தால் எந்த லைன் (தூண்டில் நரம்பு) என்பது தெரிந்துவிடும், லைன் தெரிந்தால் ராடு (தூண்டில் கம்பு), அந்த ராடுக்கு ஒத்துப்போகிற ரீல். இந்த வரிசையை மாற்றிப் போட்டுவிட்டு, "மீன் கடிக்குது, ஆனா நிக்க மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இங்கிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரத்தில் லேக் ஃபோர்க். 1980இல் அணை கட்டித் தண்ணீர் தேக்கியபோது மரங்களை முழுதாக வெட்டாமல் விட்டதால் இன்றைக்கும் ஏரி நெடுகப் பட்ட மரங்கள் நிற்கின்றன. ஃப்ளோரிடா வகை பாஸை விட்டு வளர்த்த ஏரி இது. 1986இல் 17.67 பவுண்டு மீன் ஒன்று, 1992 ஜனவரியில் 18.18 பவுண்டு மீன் ஒன்று, இரண்டும் இங்கே பிடித்தவை. அதனால் இங்கே 20 பவுண்டு தாங்கும் லைன் போடுகிறவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

போன வசந்தத்தில் நண்பர் ஒருவர் படகில் கூட வந்தார். கையில் மீடியம் வலு ஸ்பின்னிங் ராடு (ரீல் கம்புக்குக் கீழே தொங்கும் வகை), 8 பவுண்டு மோனோ (சாதாரண நைலான் லைன்). பிளாஸ்டிக் புழுவை டெக்சாஸ் ரிக்கில் கட்டி மரத்தடியில் இறக்கினார். கடி வந்தது, இழுத்தார், ஒன்றுமில்லை. மறுபடி கடி, மறுபடி வெறும் புழு. இதில் அவர் கையில் எந்தக் குறையும் இல்லை. டெக்சாஸ் ரிக்கில் முள்ளின் நுனி புழுவின் உடம்புக்குள் மறைந்திருக்கும், அது பிளாஸ்டிக்கைக் கிழித்து வெளியே வந்து, அப்புறம் மீனின் தாடையில் ஏற வேண்டும். ராடு மெத்தென்று வளைந்து, மோனோவும் நீண்டு கொடுத்தால் நாம் இழுக்கிற வேகம் பாதி வழியிலேயே செத்துவிடும். என்னுடைய 7 அடி மீடியம் ஹெவி ஃபாஸ்ட் ராடைக் கொடுத்தேன், 17 பவுண்டு ஃப்ளோரோகார்பன் (தண்ணீரில் எளிதில் கண்ணுக்குத் தெரியாத லைன்), 7:1 கியர் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை ஏழு சுற்று) உள்ள பெய்ட்காஸ்டர், அதாவது கம்பின் மேலே உட்காரும் ரீல். அடுத்த கடியிலேயே முள் ஏறியது. மீன் நேராக மரக்கிளைகளுக்குள் ஓடப் பார்த்தது. அவர் ராடைப் பக்கவாட்டில் சாய்த்துத் திருப்பிவிட்டார், அந்த மெல்லிய செட்டாக இருந்தால் லைன் மரத்தைச் சுற்றி அங்கேயே அறுந்திருக்கும். 20 அங்குலம் இருந்தது. இந்த ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ளதைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது விதி, விட்டோம்.

இதோடு முடிந்திருந்தால் "கனமான ராடே நல்லது" என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். மதியம் அதே ராடில் அவர் கிராங்க்பெய்ட் (சுற்றி இழுக்கும்போது நீருக்குள் இறங்கி ஆடும் மீன் வடிவ லூர்) கட்டினார். மீன் மாட்டியது, படகு வரை வந்தது, ஒரு துள்ளு, தலையை உதறியது, போயே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் அப்படியே. கிராங்க்பெய்டில் இருப்பது சின்னச் சின்ன மூன்று முள் கொக்கி, அது தோலில்தான் பிடித்திருக்கும். விறைப்பான ராடு அந்த இடத்தை இழுத்து ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். பாதி நீளத்துக்கு வளைகிற மாடரேட் ராடு, 10 அல்லது 12 பவுண்டு ஃப்ளோரோகார்பன், 5:1 அல்லது 6:1 ரீல், இதுதான் கிராங்க்பெய்டின் செட். லைன் மெல்லியதாக இருந்தால் லூர் இன்னும் ஆழமாகவும் இறங்கும்.

ராடின் கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள், எத்தனை அவுன்ஸ் லூர், எத்தனை பவுண்டு லைன் என்று. விலைச் சீட்டைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள். பவர் என்பது ராடின் வலு, ஆக்‌ஷன் என்பது அது எந்த இடத்தில் வளைகிறது என்பது. நுனியில் மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், நடு வரை வளைந்தால் மாடரேட். இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பலர் தப்பான ராடோடு வீட்டுக்கு வருகிறார்கள்.

டெட்ராய்ட் பக்கம், மிச்சிகன்

அண்ணே, நீங்கள் சொன்ன வரிசை சரி. ஆனால் 17 பவுண்டு லைனோடு எங்கள் ஊருக்கு வந்தால் மீன் பக்கத்திலேயே வராது. லேக் செயின்ட் கிளேரில் நாங்கள் தேடுவது ஸ்மால்மவுத், சின்ன வாய் உள்ள பாஸ் வகை. ஏரி பெரியது, சராசரி ஆழமோ 11 அடிதான். 1988இல் இங்கே வரிக்குதிரைச் சிப்பி வந்ததிலிருந்து அவை தண்ணீரை வடிகட்டி வடிகட்டி, காற்றில்லாத நாளில் அடித்தரையே தெரியும் அளவுக்குத் தெளிவாக்கி வைத்திருக்கின்றன. அதில் தடித்த லைன் போட்டால் மீன் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும், நம் கண் முன்னாலேயே.

என் செட்: 7 அடிக்குச் சற்றுக் குறைந்த மீடியம் லைட் ஸ்பின்னிங் ராடு, 2500 அளவு ரீல், 10 பவுண்டு பிரெய்டு (இழைகளைப் பின்னிய லைன்), முனையில் 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் துண்டு லைன்). டிராப் ஷாட் ரிக்கில் (ஈயம் அடியில், முள் அதற்கு மேலே) கோபி என்ற சின்ன மீன் மாதிரியான சின்ன பிளாஸ்டிக். பிரெய்டு நீளாது, அதனால் தூரத்தில் லேசாக மூக்கால் தட்டினாலும் விரலில் தெரியும். லீடர் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்தச் சிப்பிகளின் ஓடு கத்தி மாதிரி, மெல்லிய பிரெய்டு அதில் உரசினால் இழை இழையாகப் பிரிந்துவிடும், ஃப்ளோரோகார்பன் அந்த உரசலை நன்றாகத் தாங்கும்.

ஜூன் மாதம் ஒரு காலையில் மாட்டிய மீன் நேராக மேலே துள்ளி, விழுந்து, படகுக்கு அடியில் பாய்ந்தது. ஸ்மால்மவுத் எப்போதும் இப்படித்தான், அதே எடை லார்ஜ்மவுத்தை (பெரிய வாய் பாஸை) விட இரண்டு மடங்கு சண்டை போடும் என்று எனக்குத் தோன்றும். அந்த நேரத்தில் காப்பாற்றியது டிராக், மீன் பலமாக இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடிமானம். 8 பவுண்டு லீடருக்கு டிராகை இரண்டு, இரண்டரை பவுண்டுக்குள் வைத்திருப்பேன். மீன் எடை பார்க்கும் கொக்கித் தராசை லைனில் மாட்டி இழுத்தால் எத்தனை பவுண்டில் ரீல் லைனை விடுகிறது என்று தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை, யாருமே செய்வதில்லை.

ஸ்டாக்டன், கலிபோர்னியா

நான் தஞ்சாவூர்க்காரன். குளத்தில் தவளையைக் கோத்து விரால் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன், அதனால் இங்கே சேக்ரமெண்டோ, சான் வாக்கின் ஆறுகளின் டெல்டாவுக்கு வந்து, பாசிப் பாய் மேலே ரப்பர் தவளையை இழுத்து பாஸ் பிடிக்கிறார்கள் என்றதும் ரத்தம் சூடாகிவிட்டது. இப்போது ஊரில் பையன்களும் விராலுக்கு இதே ரப்பர் தவளையைத்தான் எறிகிறார்கள்.

இங்கே கடலின் ஏற்ற இறக்கம் உண்டு. தண்ணீர் ஏறும்போது கோரைக்குள் போய் நிற்கும் மீன், இறங்கும்போது ஓரத்துக்கு வரும். என் செட் 7 அடி 3 அங்குல ஹெவி ராடு, 65 பவுண்டு பிரெய்டு, லீடர் கிடையாது, 8:1 ரீல், டிராக் கிட்டத்தட்ட முழுக்க இறுக்கி. புதிதாக வருகிறவர்கள் "65 பவுண்டா?" என்று வாயைப் பிளப்பார்கள். மீனின் எடைக்காக இல்லை, செடிக்காக. பாசிக்குள் புகுந்த மீனோடு ஒரு கூடைப் பாசியும் சேர்ந்துதான் வரும், பிரெய்டு அதைக் கோரைத் தண்டோடு சேர்த்து அறுத்துக்கொண்டு வரும். தடிமனும் பயப்படுகிற அளவுக்கு இல்லை, 65 பவுண்டு பிரெய்டு ஏறக்குறைய 16 பவுண்டு மோனோ கனம்தான்.

தவளைக்கு ஃப்ளோரோகார்பன் மட்டும் வேண்டவே வேண்டாம். அது தண்ணீரில் மூழ்கும், தவளையின் மூக்கைக் கீழே இழுக்கும். பிரெய்டு மிதக்கும். மேல் நீரில் ஆடுகிற எந்த லூருக்கும் இதே கதைதான், சின்ன பாப்பருக்கு மோனோ போதும்.

போன ஆகஸ்டில் மாலை வெளிச்சத்தில் தவளையைப் பாசியின் ஓட்டை ஒன்றில் நிறுத்தி வைத்திருந்தேன். கீழிருந்து வெடித்த மாதிரி ஒரு அடி. உடனே இழுக்கக் கூடாது. தவளை கண்ணிலிருந்து மறைந்து, லைனில் பாரம் தெரிந்த பிறகுதான் இழுக்க வேண்டும், அந்த ஒரு நொடிப் பொறுமை விரால் கற்றுக்கொடுத்தது. இழுத்ததும் ரீலை விடாமல் சுற்ற வேண்டும், வேகமான ரீல் எதற்கு என்று அப்போதுதான் புரியும். பச்சை மூட்டை ஒன்று வந்தது, பிரித்துப் பார்த்தால் உள்ளே ஏழு பவுண்டு பாஸ்.

ஒன்று சொல்ல மறந்தேன். வெறும் ஸ்பூலில் பிரெய்டைச் சுற்றினால் மொத்தமாக வழுக்கிச் சுழலும். அடியில் கொஞ்சம் மோனோ சுற்றிவிட்டு மேலே பிரெய்டைக் கட்டுங்கள்.

ஆஸ்டின், டெக்சாஸ்

எல்லாம் படித்தேன் அண்ணா. ஆனால் எனக்குப் படகு இல்லை, மூன்று செட் வாங்கப் பணமும் இல்லை. பையனோடு லேடி பேர்ட் ஏரிக் கரையில் நின்று எறியப் போகிறேன், அவ்வளவுதான். கையில் 150 டாலர். ஒரே ஒரு செட் என்றால் எது?

டாலஸ், டெக்சாஸ்

தங்கச்சி, ஒரே செட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்பின்னிங். பெய்ட்காஸ்டரில் கட்டை விரல் பழகும் வரை லைன் பந்தாகச் சிக்கிக்கொண்டே இருக்கும், பையனுக்கு முதல் நாளே வெறுத்துவிடும். 7 அடி மீடியம் வலு, ஃபாஸ்ட் ராடு. 2500 அல்லது 3000 ரீல். 15 பவுண்டு பிரெய்டு, 10 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர் ஒரு கை நீளத்துக்கு மேல். ராடுக்கு 70, ரீலுக்கு 55 என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தில் லைனும் முள்ளும் புழுவும் வந்துவிடும். ராடுக்கு ஏன் கூடுதல் என்றால், கடி விரலுக்கு வந்து சேருவது ராடு வழியாகத்தான்.

இதில் ஐந்து அங்குல ஸ்டிக் புழுவை நடுவில் கோத்து வாக்கி ரிக், இல்லையென்றால் லேசான டெக்சாஸ் ரிக், ஈயம் கால் அவுன்ஸைத் தாண்ட வேண்டாம், முள்ளும் மெல்லிய கம்பியாக இருக்கட்டும். கனத்த முள்தான் மீடியம் ராடுக்குப் பாரம், என் நண்பருக்கு நடந்ததில் பாதி அது. பாசிப் பாய் மேல் தவளை எறிய இந்த செட் தாங்காது, அந்த ஆசையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடுங்கள். எறிந்ததும் ரீலின் வளைகம்பியைக் கையால் மூடப் பழகுங்கள், லைன் முறுக்கேறாது. முள்ளைப் பாலோமார் முடிச்சில் கட்டி, இறுக்கும் முன் எச்சிலால் நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்தபடி இறுக்கினால் ஃப்ளோரோகார்பன் சூட்டில் பலம் போய்விடும்.

17 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டெக்சாஸில் உரிமம் வேண்டாம், உங்களுக்கு வேண்டும். அடுத்த மாதக் கடைசியில் ஆஸ்டின் வருகிறேன். என்னிடம் இதே மாதிரி செட் ஒன்று இருக்கிறது, பையன் எறிந்து பார்க்கட்டும், அவன் கைக்கு 7 அடி நீளமாகத் தெரிந்தால் ஆறரை அடி பார்க்கலாம். அதுவரை எதுவும் வாங்காதீர்கள்.