மணிவிழாவுக்கு நல்ல புகைப்படக் கலைஞர் தேவை
அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதம் சிங்கப்பூர் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் என் பெற்றோருக்கு மணிவிழா நடத்தவிருக்கிறோம். எல்லாரிடமும் கைப்பேசி இருக்கும்போது தனியாக ஒருவர் எதற்கு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். ஆனால் ஹோமப் புகைக்கும் மங்கிய வெளிச்சத்துக்கும் நடுவே மாலை மாற்றும் அந்த நொடியைத் தவறவிடாமல் எடுக்கப் பழகிய கை வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வாட்ஸ்அப்பில் பகிரப்படும் படங்கள் சுருக்கப்பட்டுவிடுகின்றன. 8க்கு 10 அங்குல அளவில் தெளிவாக அச்சிட வேண்டுமானால் ஏறத்தாழ 2400க்கு 3000 படப்புள்ளிகள் தேவை. அம்மாவுக்குக் கையில் எடுத்துப் புரட்டும் ஆல்பம்தான் பிடிக்கும். எனவே, கோயில் சடங்குகளை நன்கு அறிந்த கலைஞரையும், நாளடைவில் எளிதில் மஞ்சளாகாத அமிலமற்ற தாளில் அச்சிட்டுத் தரும் கடையையும் தெரிந்தவர்கள் பரிந்துரைக்க வேண்டுகிறேன். அச்சுச் செலவு கட்டணத்தில் அடங்குமா, மூலக் கோப்புகளையும் தருவார்களா என்பதையும் குறிப்பிட்டால் பேருதவியாக இருக்கும்.