பேப்பரில் வந்த நம்பர்

ஆலங்குளத்தான்
மே 31 வந்தாலே இது ஞாபகம் வந்து தொலைக்குது. எங்க ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பீடித் தட்டுதான், தெரியும்ல. அம்மா சுத்துவா, அப்பா குடிப்பார். அன்னைக்குப் பேப்பர்ல புகையிலை எதிர்ப்பு நாள் கட்டுரை, விட நினைக்கிறவங்களுக்குக் கட்டம் கட்டி ஒரு இலவச நம்பர். நான் ஒரு வார்த்தை சொல்லல. அப்பாவே கண்ணாடியை மாட்டி, பேப்பர்ல விரல் வச்சு ஒவ்வொரு எண்ணா அழுத்தினார். அழைத்த எண் உபயோகத்தில் இல்லையாம். மறுபடி அடிச்சார், அதே குரல். கண்ணாடியை மடிச்சு வச்சுட்டு "பாத்தியாலே"ன்னார். அம்மா தட்டுல இருந்தே ஒண்ணை எடுத்துப் பத்த வச்சார். கணக்குல ஒண்ணு குறையும்னு அம்மா சொல்லக்கூட இல்ல.

அதே பேப்பர் முதல் பக்கம் முழுக்க ஏலக்காய் விளம்பரம், புகையிலையும் விக்கிற பான் மசாலா பேர்ல. பேப்பர் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டா, அந்த உதவி நம்பர்ல ஒரு எண் மாறிப்போச்சாம். நாலு நாள் கழிச்சு, காணவில்லை அறிவிப்புக்குக் கீழ ஒரு வரித் திருத்தம்.

வரிகட்டி
பேப்பரை ஏன் திட்டணும்? 2018ல இருந்து சிகரெட், பீடி பாக்கெட்லயே 1800-11-2356 இருக்கே. என் ஆபீஸ்ல ஒருத்தர் அதுக்குத்தான் கூப்பிட்டார். அவங்களும் விடாம திருப்பிக் கூப்பிடுறாங்க. ஒரு நாள் மீட்டிங் நடுவுல எடுத்து, "இல்ல மேடம், இன்னைக்கும் பிடிக்கல மேடம்"னு ஸ்கூல் பையன் மாதிரி சொன்னார், மேனேஜர் பேச்சை நிறுத்திட்டார். நல்ல விஷயம்தான், ஆனா அவர் இத்தனை வருஷம் ஊதினதுக்கு என் வரிப் பணமா?

மருந்துக்கடை அக்கா
வரிகட்டி தம்பி, ஊதுறவரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரி கட்டிட்டுத்தான் ஊதுறார். 2017ல ஜிஎஸ்டி வந்தப்ப சிகரெட்டுக்கு மேல செஸ்ங்கிற கூடுதல் வரியும் போட்டாங்க, பீடிக்குத்தான் போடல. 2022 அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல புகையை விட உதவுற நிக்கோட்டின் மாற்று மருந்தைச் சேர்த்தாச்சு. ஆனா என் கடைக்கு ஒரு பெரியவர் ஆஸ்பத்திரிச் சீட்டோட வந்தார், அங்க ஸ்டாக் இல்லையாம். அந்த மருந்து இருக்குற நிக்கோட்டின் கம் விலையைச் சொன்னேன். "பீடியை விடவும் ஜாஸ்தியா இருக்கேம்மா"ன்னுட்டு சீட்டை நாலா மடிச்சு வேட்டி மடிப்புல சொருகிட்டுப் போயிட்டார்.

ஆலங்குளத்தான், அப்பாவுக்கு கம் வாங்கினா யாரும் சொல்லாத விஷயம் சொல்றேன். அதை பப்பிள்கம் மாதிரி மெல்லக் கூடாது. காரம் ஏறுற வரைக்கும் மெதுவா மென்னு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைக்கணும், காரம் அடங்கினதும் மறுபடி. அரை மணி நேரம் வரும். அதுக்குக் கால் மணி முன்னால இருந்து டீ, காபி கூடாது, மருந்து சரியா ஏறாது. சும்மா மென்னு முழுங்கினா விக்கல், வயித்தெரிச்சல். ரெண்டு நாள்ல தூக்கிப் போட்டுட்டு "வேலைக்காகல"ன்னுவாங்க. 2 மில்லிகிராம் கடையிலேயே கிடைக்கும், 4க்குச் சீட்டு வேணும். எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் பீடின்னு கேளுங்க, அரை மணிக்குள்ளன்னா டாக்டரையே பாத்துடுங்க. இதயக் கோளாறு இருந்தாலும் அப்படித்தான்.

வரிகட்டி
அக்கா, நான் கம் பத்திக் கேட்கவே இல்ல.

பழைய சப் எடிட்டர்
அந்தப் பேப்பர் எதுன்னு தெரியாது. நான் இருந்த இடத்துல நடந்ததைச் சொல்றேன். பக்கம் முடிச்சாச்சு. ராத்திரி ஒன்பதரைக்கு விளம்பரப் பிரிவுல இருந்து வந்தார், கால் பக்கம் வேணும்னு. ஏலக்காய்தான். 2003 புகையிலைச் சட்டம் மறைமுக விளம்பரமும் கூடாதுங்குது, ஏலக்காய்ல ஏது புகையிலைன்னு அவங்க கேட்பாங்க. கட்டுரையைச் சுருக்க நேரமில்ல. எதை எடுக்கலாம்னு லேஅவுட் பையன் என் முகத்தைப் பார்த்தான். உதவி எண் கட்டத்தைத்தான் காட்டினேன். நம்பர் தப்பா வரல, வரவே இல்ல. திருத்தம் போடக்கூட அதுல எதுவும் இல்ல பாருங்க.

சினிமாவுக்கு மட்டும் 2012லயே விதி போட்டாங்க, ஹீரோ பத்த வச்சா கீழ எச்சரிக்கை ஓடணும். 2023 செப்டம்பர்ல ஓடிடிக்கும் வந்தாச்சு. நாங்க மட்டும் தப்பிச்சுக்கிட்டோம்.

ஆலங்குளத்தான்
அக்காவுக்கு நன்றி, கேட்டுட்டேன். "கண்ணு முழிக்கிறதே அதுக்குத்தாம்லே"ன்னார். சரியான நம்பரைக் காலண்டர் அட்டையில பெருசா எழுதி மாட்டியிருக்கேன். இன்னைக்குக் காலைல அவரே போன் கேட்டார். திங்கக்கிழமை அவங்களுக்கு லீவாம். நாளைக்கு எட்டு மணிக்குத் திறப்பாங்க.