பஞ்ச் அவுட்: இரண்டாம் முறை வரும் பால்ட் புல் ஏன் விழவே மாட்டேன் என்கிறான்?

தங்கச்சிமடம்_மெக்கானிக்

வணக்கம். பழைய நின்டெண்டோ குத்துச்சண்டை கேம் பஞ்ச் அவுட் விளையாடியவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். பதினைந்து நாளாக ஒரே ஆளிடம் நிற்கிறேன்.

நான் போட் இன்ஜின் வேலை பார்க்கிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கிறது, ஊரே ஓய்வெடுக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள், ஆனால் எங்களுக்கு இந்த இரண்டு மாதம்தான் தலைக்கு மேல் வேலை, எல்லாருக்கும் இன்ஜின் இப்போதே பிரித்துப் பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து, கையில் இருக்கும் கிரீஸைக் கழுவி, சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் இந்த கேம். லேப்டாப்பில் எமுலேட்டர் (பழைய கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) போட்டு ஹால் டிவியில் மாட்டியிருக்கிறேன், வயர் இல்லாத கன்ட்ரோலர்.

ஏன் இந்த கேம் என்றால், ஏழாம் வகுப்பு படிக்கும்போது கீழக்கரையில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த மெஷின், அதில் இந்த கேசட். எங்கள் தெருவில் இருந்த டிவி கேமில் மரியோவும் கான்ட்ராவும்தான் பார்த்திருந்தேன். இதில் திரை முழுக்க ஒரு ஆள் நிற்கிறான், நம் ஆள் லிட்டில் மேக் அவன் இடுப்புக்குக்கூட வரவில்லை. அன்று கிங் ஹிப்போ வரை போனேன். அவன் வாயைத் திறக்கும்போது முகத்தில் குத்தினால் கால்சட்டை நழுவும், அப்போது வயிற்றில் இருக்கும் பிளாஸ்திரி மேல் குத்தவேண்டும் என்று நண்பன் காதில் சொல்லித்தந்தான். ஒருமுறை விழுந்தால் ஹிப்போ எழுந்திருக்கவே மாட்டான். அந்தச் சந்தோஷத்தோடு பஸ் ஏறினேன், அப்புறம் முப்பது வருடம் இந்த கேமைக் கண்ணால் பார்க்கவில்லை.

இப்போது மேஜர் சர்க்யூட் முடித்து, பத்து இலக்க பாஸ்வேர்டை நோட்டில் எழுதிவைத்து, வேர்ல்ட் சர்க்யூட்டில் பிஸ்டன் ஹோண்டாவையும் சோடா பாப்பின்ஸ்கியையும் தாண்டிவிட்டேன். பால்ட் புல் மறுபடி வருகிறான். முதல் தடவை அவனை அடித்தே விழவைத்தேன். இந்தத் தடவை லைஃப் கோடு முழுக்கக் காலியான பிறகும் நிற்கிறான், அடி விழுகிறது, ஆள் மட்டும் விழவில்லை. அப்புறம் கயிறு வரை பின்னால் போய்த் துள்ளித் துள்ளி ஓடிவந்து ஒரே குத்தில் என்னைச் சாய்த்துவிடுகிறான். தோற்கத் தோற்க ரேங்க் இறங்குகிறது. இது எமுலேட்டர் கோளாறா, நான்தான் எதையாவது கவனிக்கவில்லையா?

இன்னொன்று. 007 373 5963 என்று போட்டால் நேராகக் கடைசி எதிராளி மைக் டைசனிடம் போகலாம் என்று எல்லாருக்கும் தெரியும். இவனை விட்டுவிட்டு அங்கே போய்விடலாமா? சேவ் ஸ்டேட் (நினைத்த இடத்தில் சேமித்து அங்கிருந்தே தொடர்வது) எதுவும் போடாமல் முறையாகத்தான் விளையாடி வருகிறேன்.

தொண்டி_வாடைக்காற்று

அண்ணே, கோளாறு எதுவும் இல்லை. இரண்டாம் முறை வரும் பால்ட் புல்லைச் சாதாரணக் குத்தால் விழவைக்க முடியாது, கேமையே அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இரண்டே வழி. நட்சத்திரம் சேர்த்து ஸ்டார்ட் பட்டனால் அடிக்கும் பெரிய அப்பர்கட் (கீழிருந்து மேலே போகும் குத்து) ஒன்று. அவன் துள்ளி ஓடிவரும்போது சரியான நொடியில் வயிற்றில் ஒரு குத்து இன்னொன்று. இரண்டாவது வழியில் லைஃப் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஒரே குத்தில் விழுவான். ஒரே ரவுண்டில் மூன்று முறை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, அதனால் மூன்று பாய்ச்சலைச் சரியாகப் பிடித்தால் போதும்.

சரியான நொடி எது என்பதுதான் உங்கள் பிரச்சினை. நீங்கள் பால்ட் புல்லைப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கூட்டத்தைப் பாருங்கள். அவன் ஓடிவரும்போது பார்வையாளர் கூட்டத்தில் ஒரு கேமரா ஃப்ளாஷ் அடிக்கும், அந்த வெளிச்சம்தான் சைகை. 1987-இல் வந்த கேம், இந்த ஃப்ளாஷ் தற்செயல் இல்லை, வேண்டுமென்றே வைத்தது என்று அதைச் செய்த கென்யோ டகேடாவே 2009-இல்தான் வெளியே சொன்னார். இருபத்திரண்டு வருடம் எத்தனை பேர் கண் முன்னால் அந்த வெளிச்சம் அடித்திருக்கும், எனக்கு அதை நினைத்தாலே சிலிர்க்கிறது.

இந்த கேமில் ஒவ்வொரு ஆளுக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. கிரேட் டைகருக்குத் தலைப்பாகைக் கல் மின்னும். மாயமாகி மாயமாகி ஐந்து முறை சுற்றிவந்து குத்துவான், ஐந்தையும் தடுத்துவிட்டால் அவனுக்கே தலை சுற்றும், அப்போது ஒரு தட்டுத் தட்டினால் கீழே. எங்கள் அப்பா கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல் பக்கம் வள்ளம் இறக்கும்போது அலையை எண்ணிக்கொண்டு நிற்பார், பக்கத்தில் நாம் பேசினால் கோபம் வரும். பெரிய அலை இரண்டு போன பிறகு ஒரு இடைவெளி வரும், அதில் தள்ளிவிட வேண்டும். பலம் எல்லாம் அந்த இடைவெளி வந்த பிறகுதான் வேலைக்கு ஆகும், அதற்கு முன்னால் எவ்வளவு தள்ளினாலும் வள்ளம் கரைக்கே திரும்பும். பால்ட் புல்லும் அப்படித்தான். கண்டபடி குத்தினால் அவன் தடுப்பான், தடுக்கத் தடுக்க உங்கள் இதய எண்ணிக்கை குறையும், அது பூஜ்யம் ஆனால் மேக் நிறம் மாறிக் கையைத் தூக்கமுடியாமல் நிற்பான். விலகி விலகித்தான் மறுபடி தெம்பு வரும்.

டைசனைப் பொறுத்தவரை, நம்பரைப் போட்டுப் போய்ப் பாருங்கள் அண்ணே, அதில் தப்பு எதுவும் இல்லை. அவனிடம் ஐம்பது முறை விழுந்து பழகினால் மற்றவர்கள் எல்லாம் மெதுவாகத் தெரிவார்கள். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

தங்கச்சிமடம்_மெக்கானிக்

நன்றி தம்பி. நேற்று இரவு பார்த்தேன், ஃப்ளாஷ் அடிக்கிறது, இத்தனை நாள் அது கண்ணில் படவே இல்லை. ஆனால் ஃப்ளாஷைப் பார்த்தவுடன் அழுத்தியும் பத்தில் ஒன்றுதான் விழுகிறது. எனக்கு வயது நாற்பத்தி இரண்டு, கை அவ்வளவு மெதுவாகிவிட்டதா? இன்ஜின் சத்தத்தில் ஒரு வால்வு பிசகினால் காதுக்கு உடனே தெரிந்துவிடுகிறது, அதனால் நம்பமுடியவில்லை.

ராம்நாடு_டிவி_சர்வீஸ்

உங்கள் கை சரியாகத்தான் இருக்கிறது, டிவிதான் தாமதம் செய்கிறது. எல்இடி டிவி வருகிற படத்தை அப்படியே காட்டாது, வாங்கி வைத்து, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டும். சினிமா பார்க்கும்போது இது தெரியாது. இந்த கேம் நொடிக்கு 60 படம் ஓடுகிறது, ஒரு படத்துக்குச் சுமார் 17 மில்லிசெகண்ட். டிவி 100 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால் நீங்கள் பார்க்கும் பால்ட் புல் ஆறு படம் பழையவன். நீங்கள் ஃப்ளாஷைப் பார்க்கும்போது கேமுக்குள் அந்த நொடி போய்விட்டது.

முதலில் லேப்டாப் திரையிலேயே விளையாடிப் பாருங்கள். அங்கே நன்றாக விழுந்தால் குற்றவாளி டிவிதான். அப்புறம் டிவி அமைப்புகளில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள், படத்தை மென்மையாக்கும் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வயர் இல்லாத கன்ட்ரோலரும் கொஞ்சம் நேரம் தின்னும், வயர் உள்ளதை மாட்டுங்கள். நீங்கள் ஓட்டுவது ஐரோப்பியப் பதிப்பா அமெரிக்கப் பதிப்பா என்றும் பாருங்கள், ஐரோப்பியது 50 ஹெர்ட்ஸில் ஓடும், ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் பிசகும்.

படக்குழாய் டிவியில் இந்தத் தொல்லையே கிடையாது, சிக்னல் வர வர வரி வரியாக அப்படியே அடித்துவிடும். என் கடையில் 21 இஞ்ச் ஒன்று இதற்காகவே வைத்திருக்கிறேன். நம் கடற்கரைப் பக்கம் அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு, உப்புக்காற்று போர்டில் இருக்கும் செம்பைப் பச்சையாக்கிவிடுகிறது. வாடை அடிக்கிற மாதங்களில் வாரம் ஒருமுறையாவது போட்டுவிடுவேன், சும்மா வைத்தால்தான் சீக்கிரம் போகிறது.

கீழக்கரை_லாத்தா

இந்தத் திரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்கமுடியவில்லை. எங்கள் வீட்டிலும் அதே கேசட் இருந்தது, என் பெரிய காக்கா (அண்ணன்) சவூதியிலிருந்து வரும்போது கொண்டுவந்தார். தெருவில் பையன்கள் எல்லாரும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் கிடப்பார்கள். உம்மா லுஹர் தொழப் போகும்போது சத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள், அந்த நேரத்தில் மட்டும் யாரும் ஜெயிக்கமாட்டார்கள், எனக்கு அப்போதே புரிந்தது இந்த கேமில் பாதி காதுக்குத்தான் என்று. கண்ணைக் கட்டிக்கொண்டு சத்தத்தை மட்டும் வைத்தே இதை முடித்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். தம்பி, வால்வு பிசகினால் காதுக்குத் தெரிகிறது என்கிறீர்களே, அந்தக் காதை இங்கேயும் கொடுங்கள், டிவி சத்தத்தைக் கூட்டி வையுங்கள்.

பஜாரில் விற்ற, பல கேம் சேர்ந்த கேசட்டுகள் எதிலும் இதை நான் பார்த்ததில்லை. காரணம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இவ்வளவு பெரிய உருவத்தை அந்தச் சின்ன மெஷினால் தனியாகக் காட்டமுடியாது, அதனால் கேசட்டுக்குள்ளேயே எம்எம்சி2 என்று ஒரு சிப் வைத்தார்கள், எதிராளியின் படத்துண்டுகளை வரையும்போதே மாற்றிக்கொடுக்கிற வேலை அதற்கு. நின்டெண்டோவின் அந்த மெஷினில் அந்தச் சிப் இந்த ஒரு கேமுக்கு மட்டும்தான் பயன்பட்டது. 1984-இல் கடைகளில் காசு போட்டு விளையாட நின்ற பெரிய மெஷினில் நம் ஆளைப் பச்சைக் கம்பிக்கோடாக, ஊடுருவித் தெரிகிற மாதிரி காட்டினார்கள், மேலும் கீழும் இரண்டு திரை வேறு. வீட்டு மெஷினில் அது நடக்காது என்பதால்தான் மேக்கைக் குள்ளமாக்கினார்கள். எனக்கு அந்தக் குள்ளன்தான் பிடிக்கும். 107 பவுண்டு எடை, பதினேழு வயது, எதிரே நிற்பவர்கள் எல்லாம் மலை.

டைசன் விஷயத்தில் தொண்டித் தம்பி சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நேராகப் போகாதீர்கள். முதல் 90 நொடி அவன் போடும் அப்பர்கட்டில் எது பட்டாலும் நேரே தரைதான், அங்கே போய் ஐம்பது முறை விழுந்தால் மனசு விட்டுப்போகும், என் சின்னக் காக்கா அப்படித்தான் கேசட்டைத் தொடுவதையே நிறுத்தினார். வரிசையாக வருகிற பதின்மூன்று ஆட்டமும் டைசனுக்கான பாடம். பால்ட் புல்லிடம் பொறுமை, சேண்ட்மேனிடம் விலகுகிற வேகம், சூப்பர் மாச்சோ மேன் சுழன்று அடிக்கும்போது குனிவதற்குக் கீழ் பட்டனை இரண்டு முறை தட்டுகிற பழக்கம். நான் பத்தாம் வகுப்பு விடுமுறையில் வரிசையாகப் போய்த்தான் டைசனை வீழ்த்தினேன், எங்கள் தெருவில் முதல் ஆள்.

கேசட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஊதாதீர்கள், எச்சில் ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்தால் கேசட்டின் உலோகக் கால்கள் எல்லாம் கறுத்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். எங்களுடையது இன்னும் ஓடுகிறது.

மண்டபம்_பையன்

அக்கா, அண்ணா, ஒரு சந்தேகம். நான் போனில்தான் விளையாடுகிறேன். கிரேட் டைகர் பம்பாய்க்காரன் என்று போட்டிருக்கிறார்கள், தலைப்பாகை, மாயமந்திரம் எல்லாம். நம்மை இப்படிக் காட்டியது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. உங்களுக்கு அப்போது எதுவும் தோன்றவில்லையா?

கீழக்கரை_லாத்தா

தோன்றியது தம்பி. அப்போது இந்தியா என்று எழுத்து வந்ததும் நாங்கள் கைதட்டினோம், அதுதான் உண்மை, ஏனென்றால் வேறு எந்த கேமிலும் நம் நாட்டின் பெயரைப் பார்த்ததில்லை. வளர்ந்த பிறகுதான் உறுத்தியது. அதில் எல்லா நாட்டுக்காரனையும் அப்படித்தான் காட்டினார்கள். சோடா பாப்பின்ஸ்கிக்கு முன்னால் பெரிய மெஷினில் இருந்த பெயரே வோட்கா டிரங்கென்ஸ்கி, வீட்டு மெஷினுக்கு வரும்போதுதான் சோடா ஆக்கினார்கள். உங்களுக்கு உறுத்துவது சரிதான். போனில் விளையாடினால் விரல் திரையை மறைக்கும், டைகரின் கல் மின்னுவதே தெரியாது, ஒரு சின்ன கன்ட்ரோலர் வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடம்_மெக்கானிக்

நான்கு நாள் கழித்து வருகிறேன். டிவியில் கேம் மோட் மூன்று மெனுவுக்கு உள்ளே ஒளிந்திருந்தது, போட்டேன், வயர் கன்ட்ரோலர் ராமநாதபுரத்தில் வாங்கினேன். லாத்தா சொன்னபடி சத்தத்தையும் கூட்டினேன், பிள்ளைகள் தூங்குவதால் ஹெட்போன்.

முதல் பாய்ச்சலில் ஃப்ளாஷ், குத்து, விழுந்தான். எழுந்தான். இரண்டாவதில் நான் முந்திவிட்டேன், என்னைச் சாய்த்தான், எழுந்தேன். அப்புறம் இரண்டு பாய்ச்சல், இரண்டும் ஃப்ளாஷோடு சேர்ந்து விழுந்தது, அதே ரவுண்டில் மூன்று. எழுந்து நின்று கத்திவிட்டேன், வீட்டம்மா விழித்துக்கொண்டாள், அவளுக்கும் அந்த ஃப்ளாஷைக் காட்டினேன்.

டைசன் நம்பரைப் போடவில்லை. லாத்தா சொன்ன வழியிலேயே போகிறேன். டான் ஃபிளமெங்கோவையும் நேற்று முடித்துவிட்டேன், இப்போது சேண்ட்மேனிடம் இரண்டு முறை தோற்றிருக்கிறேன். அவனிடம் எதைப் பார்க்கவேண்டும் என்று யாரும் இப்போதைக்குச் சொல்லவேண்டாம், நானே கண்டுபிடிக்கிறேன். ஜூன் 14 வரை இரவுகள் இருக்கின்றன, அதற்கப்புறம் போட் எல்லாம் இறங்கிவிடும்.