மேகம் விலகுமா என்று வானத்தையே பார்த்து நின்றவர்கள் எழுதுங்கள்

பிடோக்வாசி:
2019 டிசம்பர் 26, சிங்கப்பூரில் வளையச் சூரிய கிரகணம், நிலா நடுவை மட்டும் மறைக்க, மிச்சச் சூரியன் வளையமாகத் தெரிவது. இத்தனை வருடம் ஆகியும் எனக்கு மனசு ஆறவில்லை, அதனால்தான் இதை ஆரம்பிக்கிறேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் புளோக் பக்கத்திலிருக்கும் பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மேல் தளத்துக்குப் போனேன். 1998 ஆகஸ்ட்டில் இதே மாதிரி வளையம் இங்கே தெரிந்தபோது அப்பாவுக்கு வேலை, தலையைத் தூக்கிப் பார்க்கக்கூட நேரமில்லை என்று வீட்டில் நூறு தடவை சொல்லியிருப்பார். 11.27க்கு ஆரம்பித்தது, ஓரத்தை யாரோ கடித்த மாதிரி, நன்றாகவே பார்த்தோம். பன்னிரண்டைத் தாண்டியதும் திண்டுக்கல்லிலிருந்து சித்தப்பா போன் போட்டு, முழு வளையமும் பார்த்தாச்சு, இனி உங்க முறை என்றார். எங்கள் முறை 1.22லிருந்து 1.24 வரை, இரண்டே நிமிடம். 1.20க்கு மேகம் வந்து மூடிவிட்டது.

வெளிச்சம் மங்கியது, கீழே மைனாக்கள் கத்துவதை நிறுத்தின, அப்பா கிரகணக் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்தபடியே நின்றார். நடுவில் மேகம் கொஞ்சம் மெலிந்தது, கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை என்று கழற்றிவிட்டுப் பார்த்தோம், ஏதோ வெள்ளையாக ஒரு வளைவு. அது வளையமா, இல்லை வெறும் பிறையா என்று இன்றைக்கும் எங்களுக்குள் பேச்சுதான். மேகம் முழுசாக விலகியபோது எல்லாம் முடிந்திருந்தது. இங்கே அடுத்த வளையம் 2063இல்தான் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அப்பா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். அந்தக் கை என் கண்ணைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

தெம்பனிஸ் அக்கா:
அதே நாள்தான் எனக்கும். ஏழு மாதம் நான், அத்தை வாசலைத் தாண்டக்கூடாது என்றுவிட்டார், தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை, சமையல் எல்லாம் காலையிலேயே முடிந்து பாத்திரம் கவிழ்த்தாயிற்று. அவர் பயம் அவருக்கு, சண்டை போட எனக்கு மனசில்லை. ஆனால் ஒரு மணிக்கு மேல் உட்காரவே முடியவில்லை. அடுக்களையிலிருந்து பூந்திக் கரண்டியை எடுத்து, வாசலில் நின்றபடி கையை மட்டும் தாழ்வாரத்து வெயிலுக்குள் நீட்டினேன். எங்கள் பக்கம் மேகம் விட்டு விட்டுத்தான் வந்தது. சிமெண்டுத் தரை முழுக்க வளையம்! கரண்டியில் எத்தனை ஓட்டையோ அத்தனை குட்டி வளையம், கை நடுங்கினால் எல்லாம் சேர்ந்து நடுங்குகிறது. பின்னால் அத்தை வந்து நின்றதே தெரியவில்லை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன், அவர் குனிந்து தரையில் இருந்த ஒரு வளையத்தின் மேல் விரலை வைத்தார், அது அவர் நகத்தின் மேல் ஏறிக்கொண்டது. அப்புறம் மேகம். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பிறகு பேசிக்கொண்டதே இல்லை.

ஈசூன் 76:
பிடோக் தம்பி, உங்கள் அப்பா கதை நெஞ்சைத் தொட்டது, ஆனால் கண்ணாடியைக் கழற்றினோம் என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. மேகம் வடிகட்டி இல்லை. மெல்லிய மேகம் கண் கூசாமல் செய்யும், அவ்வளவுதான், அது எந்த நொடி கிழியும் என்று யாருக்குத் தெரியும்? விழித்திரை சுட்டுப்போனால் வலிக்கவே வலிக்காது, அங்கே வலி நரம்பு கிடையாது, சில மணி நேரம் கழித்துத்தான் நடுப்பார்வையில் ஒரு புள்ளி உட்காரும். முழுச் சூரிய கிரகணத்தில் சூரியன் மொத்தமாக மறைகிற அந்தச் சில நிமிடம் வெறும் கண்ணால் பார்க்கலாம், வளையக் கிரகணத்தில் ஒரு நொடிகூடக் கூடாது. நிலா அப்போது நம்மைவிட்டுத் தள்ளி இருப்பதால் சிறிதாகத் தெரிகிறது, சூரியனை முழுக்க மூட அதற்கு அளவு பத்தாது, மிச்சம் இருக்கிற விளிம்பும் சூரியன்தானே. எக்ஸ்ரே படம், சிடி, கூலிங் கிளாஸ் எதுவும் உதவாது. சூரியனைப் பார்ப்பதற்கான தர எண் ஐஎஸ்ஓ 12312-2 என்று போட்ட கண்ணாடி, அதுவும் கீறல் இல்லாமல். வெல்டிங் கண்ணாடி என்றால் 14ஆம் எண். இன்னொன்று, டிசம்பரில் இங்கே வடகிழக்குப் பருவமழை, மத்தியானம் ஆனால் மேகம் திரளும், ஒரே இடத்தில் நிற்காமல் மழை ரேடாரைப் பார்த்துக்கொண்டு தீவின் இன்னொரு பக்கம் போயிருக்க வேண்டும்.

என் அனுபவம் சின்னது. 2016 மார்ச் 9, இந்தோனேசியாவில் முழுக் கிரகணம், நமக்குச் சூரியன் 87 சதவீதம் மறைந்தது. காலை எட்டரைக்குள் உச்சம், ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நின்று பார்த்தேன். ஒரு சீனப் பாட்டி என் சட்டையை இழுத்தார், கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது என் கையை விடவே இல்லை.

ஜூரோங் மேற்கு:
இடம் மாறச் சொல்லாதீர்கள் அண்ணே, நான் மாறித்தான் கெட்டேன். 2025 செப்டம்பர் 8, முழுச் சந்திர கிரகணம், அதிகாலை 1.30க்கு நிலா முழுசாகச் சிவக்கும், 2.52 வரை இருக்கும். எங்கள் பக்கம் ஒரே மேகம். ரேடாரில் கிழக்கே தெளிவு என்று டாக்சி பிடித்து ஈஸ்ட் கோஸ்ட் போனேன், போய் இறங்கினால் அங்கே மூடிவிட்டது. இரண்டு மணிக்கு மனைவி போன். புளோக் கீழே விளையாட்டுத் திடலில் சறுக்குமரத்தின் மேல் மல்லாந்து படுத்திருக்கிறாளாம், நிலா நேர் உச்சியில், செம்பருத்தி காய்ந்த நிறத்தில் இருக்கிறது என்று சொல்லச் சொல்ல நான் கடற்கரையில் சாம்பல் நிற வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படம் எடுத்து அனுப்பினாள், கறுப்பில் ஒரு சிவப்புப் பொட்டு. நான் பார்க்க வேண்டியது அது இல்லை.

பழைய வாத்தியார்:
2012 ஜூன் 6, சூரியன்மேல் வெள்ளி கடந்தது. இங்கே விடியும்போதே கிரகம் உள்ளே போயிருந்தது, மத்தியானம் 12.49 வரை அவகாசம், ஆனாலும் மேகத்தோடு மல்லுக்கட்டி எனக்குக் கிடைத்தது நாற்பது நொடி. மிளகு அளவு கறுப்பு, சுத்தமான வட்டம். அடுத்தது 2117. அந்த நாற்பது நொடியை இன்னும் வைத்திருக்கிறேன்.

பிடோக்வாசி:
ஈசூன் அண்ணே, சரி, தப்புத்தான், இனிமேல் கழற்ற மாட்டோம். தெம்பனிஸ் அக்கா, உங்கள் பூந்திக் கரண்டியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். மேகம் மூடியிருந்தால் கரண்டியிலும் ஒன்றும் விழாது அப்பா என்றேன். "விழாது, தெரியும்பா. அந்தம்மா நகத்து மேல ஏறுச்சுன்னு இருக்கே, அதை மட்டும் இன்னொரு தரம் படி" என்றார்.