மதுரையிலிருந்து கோவைக்கு அனுப்பிய பார்சல் தொலைந்துவிட்டது, 500 ரூபாய்தான் தருவார்களாம்

ஊசிநூல் | பிப்ரவரி 18, இரவு 11.40
அவசரம். கூரியரில் அனுப்பிய பார்சல் போய்ச் சேரவில்லை. இன்று அலுவலகத்தில் போய்க் கேட்டால் "தொலைந்துவிட்டது, 500 ரூபாய் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்கள். உள்ளே இருந்தது 20 ஆயிரத்துக்கும் மேல். வழக்குப் போடலாமா, எங்கே போட வேண்டும்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். 23ஆம் தேதி கல்யாணம்.

வைகைக்கரை | பிப்ரவரி 19, காலை 6.15
யாருக்குக் கல்யாணம்? உள்ளே என்ன இருந்தது? என்றைக்கு அனுப்பினீர்கள்? நகையோ பணமோ என்றால் கூரியரில் அனுப்பியதே தவறு என்பார்கள்.

பின்கோடு | பிப்ரவரி 19, காலை 6.50
முகவரியில் பின்கோடு எழுதினீர்களா? தொலைகிற பார்சல்களில் பாதிக்கு மேல் பின்கோடு பிழைதான் என்பது என் அனுபவம்.

நெடுஞ்சாலை (மூத்த உறுப்பினர்) | பிப்ரவரி 19, காலை 8.05
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறைதான் பதில் எழுதுவது? ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். படிக்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்து அழுதால் யார் என்ன செய்ய முடியும்? ரசீதில் பொருளின் மதிப்பு எவ்வளவு என்று இருக்கிறது? அதைச் சொல்லாமல் 'வழக்குப் போடலாமா' என்று கேட்பது, காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லாமல் மருந்து கேட்பது போல.

மலைக்கோட்டை | பிப்ரவரி 19, காலை 8.30
இதில் சந்தேகமே இல்லை, வேன் டிரைவர் எடுத்திருப்பார். நேரே காவல் நிலையம் போங்கள். சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சீட்டு) கையில் இருந்தால் மறுநாளே பார்சல் தானாக வீட்டு வாசலுக்கு வரும்.

ஊசிநூல் | பிப்ரவரி 19, பகல் 1.10
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். நான் வீட்டிலேயே ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) செய்பவள். வாடிக்கையாளர் ஒருவரின் பட்டுச்சேலையும் அதற்கு நான் வேலை செய்த ரவிக்கையும்தான் உள்ளே. கல்யாணம் அவர்கள் பெண்ணுக்கு. சேலை 14,500 (கடை பில் அவர்களிடம் இருக்கிறது), என் கூலி 6,500. பிப்ரவரி 6 அன்று பதிவு செய்தேன், கட்டணம் 160. கவுன்ட்டரில் இருந்தவர் "என்னம்மா உள்ளே?" என்றார், "துணி" என்றேன். மதிப்புக் கட்டத்தில் அவராகவே 500 என்று எழுதிக்கொண்டார். காப்பீடு பற்றி எதுவும் கேட்கவில்லை. ரசீதில் நான் கையெழுத்தும் போடவில்லை. பின்கோடு சரியாகத்தான் எழுதினேன். 9ஆம் தேதி டிராக்கிங்கில் 'ஓசூர்' என்று காட்டியது, அதன்பிறகு ஒன்றுமில்லை.

பின்கோடு | பிப்ரவரி 19, பகல் 1.25
கோவை 641இல் தொடங்கும், ஓசூர் 635. உங்கள் 41ஐ யாரோ 35 என்று படித்திருக்கிறார்கள். நான் சொன்னேன் அல்லவா?

பழைய ஹப் | பிப்ரவரி 19, மாலை 4.40
அக்கா, நான் ஒரு கூரியர் ஹப்பில் (பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்து அனுப்பும் இடம்) நான்கு ஆண்டுகள் இரவு ஷிஃப்ட் பார்த்தவன். நாங்கள் சிறு பார்சல்களை எல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, சாக்குக்கு ஒரு எண் கொடுப்போம். வழியில் ஸ்கேன் ஆவது சாக்குதான், உள்ளே இருப்பது ஒவ்வொன்றாக அல்ல. சாக்கை அவிழ்த்துக் கொட்டும் இடத்தில்தான் தனித்தனியே ஸ்கேன் செய்வோம். ஆகவே உங்கள் டாக்கெட் எண்ணுக்கு (ரசீதில் உள்ள பார்சல் எண்) ஓசூர் என்று காட்டினால், பார்சல் ஓசூரில் ஒருவர் கைக்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம். "ஓசூரிலிருந்து அது எந்தச் சாக்கில் ஏறியது? சாக்கு எண் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். எண் சொல்ல முடியவில்லை என்றால் அங்கிருந்து கிளம்பவே இல்லை. நாங்கள் லேபிள் உரிந்த பொட்டலங்களைத் தராசுக்குப் பின்னால் ஒரு மூலையில் குவித்துவைப்போம். துணிப்பையின் மேல் ஒட்டிய லேபிள் சீக்கிரம் உரிந்துவிடும். நீங்கள் எதில் கட்டினீர்கள்? புகைப்படம் இருக்கிறதா?

ஊசிநூல் | பிப்ரவரி 19, மாலை 5.05
துணிப்பையில்தான் தம்பி. வாயைத் தைத்து அனுப்பினேன். பையைப் படம் எடுக்கவில்லை. ரவிக்கையின் படம் இருக்கிறது.

மலைக்கோட்டை | பிப்ரவரி 19, மாலை 5.30
ஓசூர் என்றால் கர்நாடக எல்லை. இப்போதாவது புரிகிறதா? போலீஸ்.

கோர்ட்டுப்பக்கம் | பிப்ரவரி 19, இரவு 9.20
சகோதரி, முதல் வேலை: 500 ரூபாயை வாங்கிக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தாளில் 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரி இருந்தால் அப்புறம் பேச வழியில்லாமல் போகும்.

அடுத்தது எழுத்து மூலமான நோட்டீஸ். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கூரியர்களையும் சேர்த்தே பேசுகிறது. பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் நோட்டீஸ் தராவிட்டால் அந்தச் சட்டப்படி வழக்கே நிற்காது. உங்கள் கணக்கில் அது ஆகஸ்ட் 5. அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே அனுப்புங்கள். பதிவு செய்த கிளைக்கு ஒன்று, தலைமை அலுவலகத்துக்கு ஒன்று. ரசீது நகல், சேலை பில், ரவிக்கைப் படம், வாடிக்கையாளரிடமிருந்து 'வந்து சேரவில்லை' என்று ஒரு கடிதம், எல்லாவற்றையும் இணையுங்கள். கூரியர்க்காரரின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, ஒப்படைத்ததைக் காட்டினால் போதும்.

சங்கடம் அந்த 500தான். மதிப்பு அதிகம் என்று முன்பே சொல்லிக் கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், பொறுப்பு கட்டணத்தின் பத்து மடங்கு வரைதான், அதுவும் அறிவித்த மதிப்பைத் தாண்டாது என்கின்றன அந்தச் சட்டத்தின் 2011 விதிகள். அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் பிடிக்க வேண்டியது, அந்த எண்ணை எழுதியது யார் என்பதை. உங்கள் பிரதியில் 500 யார் கையெழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

நெடுஞ்சாலை (மூத்த உறுப்பினர்) | பிப்ரவரி 19, இரவு 10.00
ஆசை காட்டாதீர்கள். 1996இல் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் தொலைந்தன. ரசீதில் 100 டாலர்தான் பொறுப்பு என்று இருந்தது, 100 டாலர்தான் கிடைத்தது. மேலும் இவர் தொழிலுக்காக அனுப்பியிருக்கிறார். வணிக நோக்கம் என்றால் நுகர்வோரே கிடையாது. இதெல்லாம் அடிப்படைப் பாடம்.

கோர்ட்டுப்பக்கம் | பிப்ரவரி 19, இரவு 10.25
ஐயா, அந்த வழக்கில் அனுப்பியவர் நிபந்தனையில் கையெழுத்துப் போட்டிருந்தார். தீர்ப்பே அதன்மேல்தான் நிற்கிறது. இவர் போடவில்லை. கையெழுத்தில்லாத பொடி எழுத்து நிபந்தனையை ஏற்காத நுகர்வோர் ஆணையங்கள் உண்டு. வணிக நோக்கம் பற்றி: பிழைப்புக்காகத் தானே சுயதொழில் செய்பவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஒற்றை ஆளாக ஆரி வேலைக்கான மரச் சட்டகத்தின் முன் உட்காருகிறவர் அதில் வராவிட்டால் வேறு யார் வருவார்?

சகோதரி, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம், தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் ஒரு புகார் பதிந்துவையுங்கள்.

தபால்காரன் மகன் | பிப்ரவரி 20, காலை 7.10
இதற்குத்தான் சொல்கிறேன், தபாலில் அனுப்புங்கள் என்று. என் அப்பா 31 ஆண்டுகள் பை தூக்கினார், ஒரு கடிதம் தொலைந்ததில்லை.

நெடுஞ்சாலை (மூத்த உறுப்பினர்) | பிப்ரவரி 20, காலை 7.40
தபால் துறை மட்டும் என்ன அள்ளிக் கொடுக்கிறதாம்? ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 1898 தபால் சட்டம் போய் 2023 தபால் சட்டம் வந்தும் பொறுப்பில்லை என்ற பிரிவு அப்படியேதான் இருக்கிறது. கூரியர்க்காரரை நுகர்வோர் ஆணையத்தில் ஏற்றுவது தபால்காரரை ஏற்றுவதைவிட எளிது.

தபால்காரன் மகன் | பிப்ரவரி 20, காலை 7.55
இன்ஷூர் செய்து அனுப்பினால்? அதைச் சொல்ல மாட்டீர்களே.

நெடுஞ்சாலை (மூத்த உறுப்பினர்) | பிப்ரவரி 20, காலை 8.02
செய்திருந்தால் என்கிற கதை கூரியருக்கும் பொருந்தும்.

தபால்காரன் மகன் | பிப்ரவரி 20, காலை 8.10
சரி, கூரியர்மேல் அனுப்பும் நோட்டீஸை எதில் அனுப்பச் சொல்லப் போகிறீர்கள்? கூரியரிலா?

கோர்ட்டுப்பக்கம் | பிப்ரவரி 20, காலை 8.30
ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில். இதில் தபால்காரன் மகனுக்கு ஒரு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

வைகைக்கரை | பிப்ரவரி 20, காலை 9.00
எல்லாரும் சண்டை போடுகிறீர்கள், 23ஆம் தேதிக்கு அந்தப் பெண் எதை உடுத்துவாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பழைய ஹப் | பிப்ரவரி 22, இரவு 8.15
அக்கா, சாக்கு எண் கேட்டீர்களா?

பழைய ஹப் | மார்ச் 3, இரவு 9.00
அக்கா?

மலைக்கோட்டை | மார்ச் 3, இரவு 9.20
போலீஸுக்குப் போயிருந்தால் இந்நேரம் வந்திருக்கும்.

ஊசிநூல் | ஏப்ரல் 11, பகல் 2.35
அனைவருக்கும் நன்றி, இந்தப் பக்கம் வரவே நேரமில்லை. அவர்கள் வேறு சேலை எடுத்தார்கள், புது ரவிக்கையை மூன்று இரவில் போட்டு நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓசூரில் சாக்கு எண் சொல்ல முடியவில்லை. மூலையிலும் தேடினார்களாம், இல்லை என்றார்கள். என் பிரதியில் 500 வேறு பேனாவில், வேறு கையெழுத்தில் இருந்தது. அதை நோட்டீஸில் எழுதினேன். பதினெட்டாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து பேசினார்கள். 4,000 என்றார்கள், பிறகு 9,000. கடைசியில் 14,500க்கு ஒப்புக்கொண்டேன், அப்படியே சேலைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். என் கூலி போனது போனதுதான்.

நெடுஞ்சாலை (மூத்த உறுப்பினர்) | ஏப்ரல் 11, மாலை 6.00
அவசரப்பட்டுவிட்டீர்கள். ஆணையத்துக்குப் போயிருந்தால் மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

கோர்ட்டுப்பக்கம் | ஏப்ரல் 11, மாலை 6.20
பிப்ரவரியில் 'ஆசை காட்டாதீர்கள்' என்றவரும் நீங்கள்தானே ஐயா.

பின்கோடு | ஏப்ரல் 12, காலை 7.00
பஸ்ஸில் கொண்டுபோனது நல்ல முடிவு. அதற்குப் பின்கோடு தேவையில்லை.

கரிசல் | மே 2, பகல் 12.45
அக்கா, அந்த நோட்டீஸின் மாதிரியை இங்கே போட முடியுமா? எனக்கும் ஒரு பார்சல் நின்றுபோயிருக்கிறது.

வைகைக்கரை | மே 2, பகல் 1.30
எங்கிருந்து எங்கே? ரசீதில் மதிப்பு எவ்வளவு போட்டிருக்கிறார்கள்?