மறுமொழி: உலாவி மாற்றமும் ‘கேஷ்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்லும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

கணினிக் கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ‘கேஷ்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பழைய பேச்சை மறுபடி தொடங்குகிறேன்.

போன வாரம் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கணினி மையத்தில் ஆறு கணினிகளிலும் உலாவியை மாற்றினேன். எல்லாம் நாலு ஜிபி நினைவகம் உள்ள பழைய பெட்டிகள். உதவித்தொகை விண்ணப்பக் காலம் வேறு. பழைய உலாவியில் ஒரு பக்கம் திறந்து முடிவதற்குள் வரிசை வாசல்படி தாண்டிவிடும். யார் எப்போது போட்டார்கள் என்றே தெரியாத துணைநிரல்கள் அதில் அடையாய் அப்பிக்கிடந்தன. சுத்தமாகத் தொடங்குவோம் என்று ஃபயர்பாக்ஸுக்கு மாறினேன்.

காலை ஒன்பதரைக்குக் கதவு திறந்தேன். உட்கார்ந்த ஆறு பேரும், “பழசே தேவலாம்ங்க” என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான், விண்ணப்பத் தளத்தின் முதல் பக்கம் ஊர்ந்துதான் வந்தது. பதினொரு மணிக்கு மேல் அதே தளம், அதே இணைப்பு, சட்டென்று திறந்தது. மூன்றாவது கணினியில் இருந்த பெண், இங்கே தமிழ்வழியில் பத்தாவது படிக்கிறவள், திரும்பி என்னைக் கேட்டாள்: “அண்ணா, காலைல மட்டும் ஏன் அப்படி நொண்டுச்சு?”

அருமையான கேள்வி. தமிழிலேயே பதில் சொல்லத் தொடங்கினேன். புது உலாவியிடம் எதுவும் சேர்ந்திருக்காது, தளத்தின் படம், எழுத்துரு, நிரல் எல்லாவற்றையும் முதல் தடவை தூரத்திலிருந்து வரவழைத்தது, வந்ததில் ஒரு படியை, அதாவது நகலை, ஆங்கிலத்தில் கேஷ் என்கிற பதுக்ககத்தில் வைத்துக்கொண்டது, அதனால்... அங்கேயே நிறுத்திவிட்டாள். “பதுக்குறதா? ரேஷன் அரிசி மாதிரியா?”

எல்லையோரத்தில் வளர்ந்த பிள்ளை. பதுக்கல் என்றால் அவளுக்குச் சோதனைச் சாவடியில் வண்டியிலிருந்து இறக்கிப் போட்ட மூட்டைகள்தான் கண்முன் வரும். நாம் கலைச்சொல் என்று கொடுத்தது அவள் ஊரில் ஒரு குற்றத்தின் பெயர். அன்று இரவு இந்த மடலுக்காகப் பழைய விவாதங்களையெல்லாம் திறந்து படித்தேன்.

‘பதுக்கு’ எங்கிருந்து வந்தது என்பது தெளிவு. கேஷ் என்ற சொல் பிரெஞ்சில் ஒளித்துவைத்தல் என்ற வேரிலிருந்து பிறந்தது. நாம் அந்த வேரைத் தமிழாக்கினோம், பொருளைப் பார்க்கவில்லை. 1965-இல் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் இதே கருத்தை எழுதியபோது ‘அடிமை நினைவகம்’ என்றார். 1968-இல் ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியைப் பற்றி எழுதியபோதுதான் கேஷ் என்ற பெயர் நிலைத்தது. செயலிக்குள் (புராசசருக்குள்) இருக்கும் அந்தச் சிறு நினைவகம் நிரல் எழுதுகிறவர் கண்ணில் படாது, ஆகவே அங்கே ‘ஒளிவு’ பொருந்தியது. உலாவியில் என்ன ஒளிவு? அமைப்புகள் பக்கத்திலேயே எத்தனை எம்பி சேர்ந்திருக்கிறது என்று காட்டுகிறது, காலி செய்யப் பொத்தானும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களே தங்கள் அரசாணைச் சொல்லில் ஒளிவை விட்டுவிட்டு ‘முன்நினைவகம்’ என்ற பொருளில் ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது ‘தேக்ககம்’. இக்குழுவில் பலருக்குப் பிடித்த சொல், எனக்கும் ஓசை பிடிக்கும். ஆனால் எங்கள் ஊரில் தேக்கம் என்றால் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் ஆழியாறு அணை. கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் எல்லையோர மணக்கடவில் கிடைக்க வேண்டும் என்று 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம் சொல்கிறது. அணையில் தேங்கிய தண்ணீர் எங்கள் பக்கத்து மூலத்தறைத் தடுப்பணைக்கு எப்போது வந்து சேரும் என்பதுதான் இங்கே நெல் போட்டவர்களின் கவலை. தேக்கம் என்பது தூரத்தில் நிற்பது. கேஷ் அதற்கு நேர் எதிர், தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது. கோப்புத் தேக்கம், வேலைத் தேக்கம் என்று தாமதத்துக்குப் புழங்கும் சொல்லை வேகத்துக்கு வைத்தால் பிள்ளைகள் குழம்பமாட்டார்களா?

‘கைவசம்’ என்று ஒருவர் முன்பு சொல்லியிருந்தார். தமிழ்நாட்டுக்குள் நல்ல சொல். இங்கே வருவாய் அலுவலகத்தில் கைவசம் என்றால் நிலத்தின் அனுபோகம், அதற்கென்று சான்றிதழே உண்டு. அந்த விண்ணப்பமும் எங்கள் மையத்தில்தான் நிரப்புகிறோம்.

என் பரிந்துரை: கையிருப்பு.

அம்மா பெட்டிக்கடை வைத்திருந்தார். சாக்குத் துணி அட்டை போட்ட நோட்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ‘கையிருப்பு’ என்று எழுதிக் கீழே கோடு போட்டு, பொட்டுக்கடலை இத்தனை, சீயக்காய்ப் பொட்டலம் இத்தனை என்று குறிப்பார். வாடிக்கையாளர் கேட்டதும் எடுத்துக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்வர வேண்டும். உலாவி செய்கிற வேலையும் இதேதான். ஒரு பொருளைக் கேட்டால் முதலில் தன் கையிருப்பைப் பார்க்கிறது, இல்லையென்றால் மட்டுமே வழங்கியிடம், அதாவது தளத்தை வைத்திருக்கும் தூரத்துக் கணினியிடம், போகிறது. மறுநாள் அந்தப் பெண்ணுக்கு இப்படிச் சொன்னேன். தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள், மேலே விளக்கம் தேவைப்படவில்லை.

உலாவி மாற்றுவது பற்றி மையத்துச் சுவரில் ஒட்ட ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறேன். அதில் இந்தச் சொல்லைப் போடலாமா? குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

*

கம்பத்திலிருந்து:

அண்ணனுக்கு வணக்கம். நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் சில கேள்விகள்.

> வாடிக்கையாளர் கேட்டதும் எடுத்துக் கொடுக்கலாம்

கடையில் எடுத்துக் கொடுத்தால் கையிருப்பு குறையும். கேஷில் இருப்பதை ஆயிரம் தடவை எடுத்தாலும் குறையாது. இரண்டாவது, கடையில் இருப்பது அசல் சரக்கு. கேஷில் இருப்பது படி, அசல் வழங்கியிடம் இருக்கிறது. அசல் மாறினால் இது பழையதாகிவிடும். அந்தப் ‘பழைய படி’ என்ற கருத்து இல்லாமல் கேஷைப் புரிந்துகொள்ளவே முடியாது. ஒவ்வொரு கோப்போடும் வழங்கி ஒரு கெடு எழுதி அனுப்புகிறது. பலர் 3,15,36,000 நொடி, அதாவது ஓராண்டு, என்று எழுதுவார்கள். கெடு முடிந்த பின் உலாவி, “என்னிடம் உள்ளது இன்னும் செல்லுமா?” என்று கேட்கும். மாறவில்லையென்றால் வழங்கி 304 என்ற எண்ணை மட்டும் அனுப்பும், கோப்பை அனுப்பாது. இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் உங்கள் சொல்லிலிருந்து சொல் பிறக்குமா?

உலாவி மாற்றம் பற்றிய தாளில் ஒன்றைத் தவறாமல் சேருங்கள். குரோமிலிருந்து எட்ஜுக்கோ ஓபராவுக்கோ பிரேவுக்கோ போனால் உள்ளே பக்கத்தை வரைந்து காட்டும் எந்திரம் ஒன்றுதான். ஓபரா 2013-இலும் எட்ஜ் 2020-இலும் குரோமுக்கு அடிப்படையான குரோமியத்துக்கு வந்துவிட்டன. அங்கே வேகம் கூடினால் விளம்பரத் தடுப்பாலோ, துணைநிரல்கள் ஒழிந்ததாலோ, நினைவகத்தைக் கையாளும் விதத்தாலோ கூடியிருக்கும். நீங்கள் போன ஃபயர்பாக்ஸின் எந்திரம் வேறு, 2017 நவம்பரில் வந்த 57-ஆம் பதிப்பில் பெரும்பகுதி புதுப்பித்தார்கள். மக்கள் ‘புது உலாவி வேகம்’ என்று சொல்வதில் பாதி, பழைய குப்பை இல்லாத வேகம்.

*

சித்தூரிலிருந்து (பாலக்காடு):

எனக்குச் சொல் பிடித்திருக்கிறது. ஒரு தொந்தரவையும் சொல்லிவிடுகிறேன். மலையாளத்தில் ‘கையிலிருப்பு’ என்றால் ஒருவருடைய நடத்தை, அதுவும் மோசமான நடத்தை. “அவன்றெ கையிலிருப்பு சரியல்ல” என்று எங்கள் ஆசிரியர் அறையில் வாரம் ஒரு தடவையாவது காதில் விழும். வகுப்பில் ‘உலாவியின் கையிருப்பு சரியில்லை’ என்று நான் சொன்னால் பின்பெஞ்சு சிரிக்கும். வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம் என்று வளர்கிற பிள்ளைகள் இவர்கள். ‘கை’யை எடுத்துவிட்டு ‘அண்மையிருப்பு’ என்று வைத்தால் என்ன?

*

செங்கோட்டையிலிருந்து:

நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்பம் தம்பியின் கேள்விக்கு எங்கள் தொழிலில் விடை உண்டு.

நூலகத்திலும் ‘இருப்பு’ என்றுதான் சொல்வோம். நூல் இருப்பு படிப்பதால் குறைவதில்லை, ஒரே நூலை நூறு பேர் படிக்கிறார்கள். அதுவும் படிதான், அசல் வேறெங்கோ இருக்கிறது. புதிய பதிப்பு வந்தால் அலமாரியில் இருப்பது பழைய பதிப்பாகிவிடும். ஆண்டுதோறும் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம், அதற்குப் பெயர் இருப்புச் சரிபார்ப்பு. நீங்கள் சொல்லும் 304 விவகாரம் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. இடம் போதாதபோது நெடுநாள் யாரும் எடுக்காத நூலைக் கழிவு செய்வோம். கணினியில் இதற்கு இணையாக ஏதும் இருந்தால் ‘இருப்புக் கழிவு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

குறைவது கடையின் இயல்பு. கையிருப்பு என்ற சொல்லுக்குள் அந்தக் குறைவு கிடையாது.

*

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

செங்கோட்டை ஐயா, உங்கள் மடலைப் படித்ததும் தாளில் பாதியைத் திருத்தி எழுதினேன். அம்மாவின் கடை உவமை கம்பம் தம்பி காட்டிய இடத்தில் முறிகிறது, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் நூலகம் முறியாமல் நிற்கிறது. இணையாக ஏதும் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, உலாவியும் இடம் நிரம்பினால் நெடுநாள் தொடாததைத்தான் பெரும்பாலும் முதலில் தள்ளுகிறது. ஆகவே இருப்புச் சரிபார்ப்பையும் இருப்புக் கழிவையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கேட்டது கையிருப்பில் கிடைத்தால் ‘இருப்பில் உண்டு’, கிடைக்காவிட்டால் ‘இருப்பில் இல்லை’. இதற்குமேல் பெயர்ச்சொல்லாக முறுக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். கடைக்காரரும் நூலகரும் வாயால் சொல்வது அதுதான்.

தம்பி இன்னொன்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்வார் என்று நானே பார்த்தேன். இரண்டு தளங்கள் ஒரே தமிழ் எழுத்துருவை ஒரே இடத்திலிருந்து வாங்கினால், முன்பெல்லாம் ஒரு படி போதும். 2020-இல் குரோமும் 2021-இல் ஃபயர்பாக்ஸும், நாம் எந்தத் தளத்துக்குப் போய்வந்தோம் என்று வேறு தளம் மோப்பம் பிடிக்காமல் இருக்க, ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாகப் பிரித்து வைக்கத் தொடங்கின. அதே எழுத்துரு இப்போது இரண்டு தடவை இறங்கும். இதைத் ‘தளவாரிக் கையிருப்பு’ என்றால் விளக்கமே வேண்டாம். ‘தளவாரித் தேக்ககம்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒப்பவில்லை.

சித்தூர் டீச்சர், நீங்கள் சொன்னதைப் பற்றித்தான் அதிக நேரம் யோசித்தேன். மலையாளச் சொல்லில் ‘இல்’ இருக்கிறது, நம்முடையதில் இல்லை. இந்தப் பிள்ளைகள் ஒரே ஓசைக்கு இரண்டு மொழியில் இரண்டு பொருள் வைத்துக்கொண்டு தினமும் வாழ்கிறார்கள். ‘வெள்ளம்’ என்று சொன்னால் தமிழ் வீட்டில் ஆற்றுப்பெருக்கு, மலையாளக் கடையில் ஒரு டம்ளர் தண்ணீர். அதில் எந்தக் குழந்தையும் தவறியதை நான் பார்த்ததில்லை. அண்மையிருப்பு பிழையில்லாத சொல், ஆனால் ஏட்டுச்சொல். ரேஷன் கடைப் பலகையில் ஏற்கெனவே பார்த்த சொல்லுக்கு இருக்கும் பலம் அதற்கு வராது. பின்பெஞ்சு ஒரு நாள் சிரிக்கட்டும் டீச்சர், சிரித்த சொல் மறக்காது.

நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஒரு விண்ணப்பத் தளத்தில் இரவோடு இரவாகப் படிவத்தை மாற்றியிருக்கிறார்கள். காலையில் இரண்டாவது கணினியில் மட்டும் ‘சமர்ப்பி’ பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் அசையவில்லை. கடைசி நாள். ஒரு அம்மா வங்கிக் கணக்குப் புத்தகத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இணைப்பைப் பார்க்கிறேன், எண்களைத் திரும்பச் சரிபார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்துக் கணினியிலிருந்து அதே பத்தாம் வகுப்புப் பெண் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “அண்ணா, இதுல கையிருப்பு பழசு. காலி பண்ணிட்டுத் திறங்க.”

காலி செய்தேன். புதிய நிரல் இறங்கியது, விண்ணப்பம் போனது.

தாளில் இப்போது இருக்கிற வரிகள்: உலாவியை மாற்றிய முதல் நாள் மெதுவாகத் தோன்றினால் பயப்பட வேண்டாம், கையிருப்பு இன்னும் சேரவில்லை. தளம் விநோதமாக நடந்துகொண்டால் கையிருப்பைக் காலி செய்யுங்கள். வேகம் குறைந்தது என்று தினமும் காலி செய்யாதீர்கள், எல்லாவற்றையும் மறுபடி தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டிவரும். சில உலாவிகளில் கடவுச்சொல்லைக் காலி செய்கிற பெட்டியும் அதே இடத்தில் இருக்கும், அதில் டிக் போடாதீர்கள்.

நம்மை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பான ‘குக்கி’யையும் அதே பட்டியலில்தான் காட்டுகிறது. அதற்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. ‘நினைவி’ என்று சிலர் எழுதுகிறார்கள், அது நினைவகத்தோடு மோதுகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன், அதற்குள் யாராவது சொன்னால் சேர்த்துக்கொள்வேன்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறை