புதுப்பிப்பு: நல்லர்பார் சமவெளியில் கேம்பருடன் (உள்ளே தூங்க வசதியுள்ள வண்டி) எங்கே இரவு தங்குவது

தெற்கு ஆஸ்திரேலியாவின் செடுனா ஊரிலிருந்து இந்தச் சமவெளியைக் கடந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் வரை சுமார் 1,200 கி.மீ. தூரத்தை மூன்று இரவுகளாகப் பிரிக்கச் சொல்லி முன்பு எழுதியிருந்தேன். எங்கெங்கே என்று பலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

மேற்கு நோக்கிப் போனால் முதல் இரவு நல்லர்பார் ரோட்ஹவுஸ் என்ற சாலையோர விடுதி (ஏறக்குறைய 300 கி.மீ.), இரண்டாவது மதுரா, மூன்றாவது பல்லடோனியா. முதல் நாளை வேண்டுமென்றேதான் குறைத்திருக்கிறேன். மறுநாள் மாநில எல்லையில் உள்ள பார்டர் வில்லேஜ் சோதனைச் சாவடியில் பழம், காய்கறி, தேன் எதையும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் விடமாட்டார்கள். இருப்பதை எல்லாம் முதல் இரவிலேயே சமைத்துத் தீர்த்துவிடலாம்.

கடிகாரத்தை நம்பாதீர்கள். எல்லை தாண்டியதும் நேரம் பின்னால் போகும். குளிர்காலத்தில் பல்லடோனியாவில் 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மாலை மங்கலில்தான் கங்காருக்கள் சாலைக்கு வரும். அதனால் 4 மணிக்குள் வண்டி நின்றிருக்க வேண்டும்.

இலவச ஓய்விடம் என்றால் தார்ச்சாலையை விட்டு 200 மீட்டராவது உள்ளே போங்கள். குளிர்பதன லாரி பக்கத்தில் வந்து நின்றால் அதன் மோட்டார் இரவெல்லாம் ஓடும், தூக்கம் போச்சு. மழை பெய்திருந்தால் மண்தரையை முதலில் நடந்து பாருங்கள், மண் செருப்பில் ஒட்டினால் வண்டியை உள்ளே விடாதீர்கள்.

தண்ணீரைச் செடுனாவிலேயே நிரப்புங்கள். வழியில் தொட்டி நிரப்பக் கிடைக்கும் என்று எண்ணவே வேண்டாம். எதிர்காற்றில் டீசல் கூடுதலாகக் குடிக்கும். மதுராவுக்கும் பல்லடோனியாவுக்கும் நடுவில் உள்ள கைகுனாவில் டீசலைக் கட்டாயம் நிரப்புங்கள், அடுத்த பங்க் 180 கி.மீ. தள்ளி.